மேவிஸ் வீட்டுப் பச்சைக் கழிவறை

எங்கள் ஊரான ஸ்டோக் வென்ட்ரியின் தேவாலயத்தைக் கட்டி அறுநூற்று எழுபது வருஷம் ஆகிறது. கட்டியவர்கள் எதையும் விட்டுவைக்கவில்லை. கோபுரம் எழுப்பினார்கள், அதில் ஆறு மணிகளைத் தொங்கவிட்டார்கள், மழைநீர் விழும் குழாய்வாயில்கூடப் பூதமுகம் செதுக்கினார்கள். மனுஷனுக்கு அவசரம் வந்தால் எங்கே போவான் என்று மட்டும் ஒருத்தரும் யோசிக்கவில்லை. அந்தக் காலத்தில் வேலியோரம் போயிருப்பார்கள். இப்போது அங்கே கார் நிறுத்துகிறார்கள்.

ஆகவே ஊர் மொத்தமும் எதிர்வீட்டு மேவிஸ் பர்கிஸிடம் போனது. ஒரு வருஷம் இரண்டு வருஷமல்ல, ஐம்பது வருஷத்துக்கு மேல் போனது.

அந்த வீட்டை மேவிஸின் புருஷன் ரான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலில் தன் கையாலேயே கட்டினான். ரான் கொத்தனார். அவன் அப்பா முட்டைக்கோஸ் போட்ட நிலம் தேவாலயத்துக்கு நேர் எதிரே கிடந்தது. சாம்பல்நிறச் சிமெண்ட் கல், தட்டையான கூரை, இரும்புச் சட்டம் போட்ட பெரிய ஜன்னல்கள். வாசலில் தன் பேரையும் மனைவி பேரையும் சேர்த்து ‘ரான்மேவ்’ என்று பலகை மாட்டினான். அடுத்த சில வருஷத்தில் தேவாலயத்தைச் சுற்றிப் புது மாதிரியில் எதுவும் கட்டக்கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. அதனால் தேன்நிறக் கல்வீடுகளும் வைக்கோல் கூரைகளும் வரிசையாக நிற்க, நடுவில் இது ஒன்று மட்டும். ஊரில் அதற்குப் பேர் பிஸ்கட் டப்பா.

மேவிஸுக்கு அந்தப் பேர் தெரியும். கிறிஸ்துமஸுக்கு ஊருக்கெல்லாம் அவள் பிஸ்கட் டப்பாதான் பரிசாகக் கொடுப்பாள்.

சுற்றியிருந்த மற்ற வீடுகளுக்கெல்லாம் ‘பழைய’ என்றுதான் பேர் ஆரம்பிக்கும். பழைய கொல்லுப்பட்டறையில் ஒரு வக்கீல் இருக்கிறார். பழைய பள்ளிக்கூடத்தில் பல் டாக்டர் தம்பதி. பழைய ரொட்டிக்கடையில் இருக்கிறவர்கள் ரொட்டி வாங்க ஏழு மைல் கார் ஓட்டுகிறார்கள். மேவிஸ் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

“இந்த ஊர்ல ஒவ்வொரு வீடும் ஒரு காலத்துல வேற என்னமோவா இருந்துச்சு க்ளைவ். என்னோடது ஒண்ணுதான் ஆரம்பத்துலேர்ந்து வீடாவே இருக்கு.”

க்ளைவ் என்பது நான்தான். டிராக்டர் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பத்தைந்து வருஷமாகக் கோபுரத்தில் மணி அடிக்கும் குழுவுக்குத் தலைவன். எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும் என்பார்கள். அது உண்மைதான்.

பள்ளிக்கூடம் ‘பழைய பள்ளிக்கூடம்’ ஆவதற்கு முன்னால் மேவிஸ் அங்கே சமையல்காரி. இந்த ஊரில் நாற்பது வயதைத் தாண்டிய எவனைக் கேட்டாலும் அவள் செய்த வெல்லப்பாகு புட்டிங்கைப் பற்றிப் பேசுவான். தட்டில் முட்டைக்கோஸை மிச்சம் வைத்தவனை அவள் திட்ட மாட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து, அவன் தட்டிலிருந்து ஒவ்வொரு துண்டாக எடுத்துத் தானே ரசித்துச் சாப்பிடுவாள். நாலாவது துண்டில் பையன் தட்டைப் பிடுங்கிக்கொள்வான். பத்து வருஷம் முன்னால் ரான் இறந்தபோது அந்தப் பையன்கள்தான் தொந்தியும் வழுக்கையுமாகச் சவப்பெட்டியைத் தூக்கினார்கள்.

தேவாலயத்துக்கு அவள் வரமாட்டாள். “கடவுளோட எனக்கு ஒரு சண்டையும் இல்ல, அந்தப் பாட்டுங்களத்தான் தாங்க முடியல” என்பாள். ஆனால் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வாசல் கதவைத் திறந்துவைத்து, அடுப்பில் கெட்டிலை வைத்துவிட்டுக் காத்திருப்பாள். ஆராதனை நடுவே கல்லறைத் தோட்டத்தைத் தாண்டி ஓடிவருகிறவர்கள் வந்த காரியத்தை முடித்துவிட்டு நேரே திரும்பிவிட முடியாது. சமையலறை வழியாகத்தான் வெளியே போகவேண்டும். அங்கே டீக் கோப்பையோடு அவள் நிற்பாள். டீயைக் குடித்தவர்கள் அடுத்த பாட்டுக்குள் மறுபடி ஓடிவருவார்கள்.

கழிவறையைப் பற்றியும் சொல்லவேண்டும். எழுபத்து நாலில் ரான் மாற்றியது. தொட்டி, பேசின், குளியல் தொட்டி எல்லாம் அவகாடோ பச்சை. கூடுதல் காகிதச் சுருளின்மேல் கம்பளிநூல் பாவாடை போட்ட ஒரு பொம்மை நிற்கும். கம்பியில் எட்டுச் சின்னத் துண்டுகள் மடிப்புக் கலையாமல் தொங்கும். கதவின் உள்பக்கம் பென்சிலில் எழுதிய பேர்கள். எல்லாம் கல்யாணப் பெண்கள். அந்தக் கவுனைப் போட்டுக்கொண்டு தனியாக உட்கார முடியாதில்லையா? மேவிஸ்தான் கவுனை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஏதாவது சிரிப்புக் கதை சொல்லிக்கொண்டிருப்பாள். அழுதுகொண்டு வந்த பெண்களும் சிரித்துக்கொண்டே வெளியே போனார்கள். போகுமுன் கதவில் பேரையும் தேதியையும் எழுதுவார்கள். தேவாலயப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன் எங்கள் ஊர்ப் பெண்கள் போட்ட கையெழுத்து அது. என் மனைவியின் பேர் மேலிருந்து ஏழாவது.

டெஸ்மண்ட் ஃபேர்பிரதர் வந்தபிறகுதான் பிஸ்கட் டப்பாவுக்குக் கெட்ட காலம் பிடித்தது. கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்துவிட்டுப் பழைய பாதிரியார் இல்லத்தை வாங்கிக் குடிவந்தவர். வந்த ஆறே மாதத்தில் வரலாற்றுச் சங்கம் ஆரம்பித்தார். ஊரைப் படம்பிடித்து நாள்காட்டி போட ஆள் வந்தபோது, கொடியில் காய்ந்த துணியை எடுக்கச் சொல்லி மேவிஸிடம் கேட்டார். அடுத்த வருஷம் அவள் வீட்டுக்கு முன்னால், ஊர்ப் புல்வெளியின் ஓரமாக, சங்கத்தின் சார்பில் வரிசையாகப் புதர்வேலி நட்டார்.

“காத்து ரொம்ப அடிக்குது மேவிஸ், உங்களுக்கு ஒரு மறைப்பு இருக்கட்டுமேன்னுதான்” என்றார்.

“காத்துக்கா? ரொம்ப நன்றி டெஸ்மண்ட். காத்து அந்தப் பக்கத்துலேர்ந்து வர்றதே இல்ல. ஆனா பாவம், செடி என்ன பண்ணும்” என்றாள்.

வேலி நன்றாக வளர்ந்தது. ஆனால் டெஸ்மண்டுக்கு அந்த வயதிலேயே இரண்டாம் பாட்டுக்குமேல் தாங்காது. வேலியைச் சுற்றி வாசலுக்குப் போக நேரம் போதாது. இரண்டு வருஷத்துக்குள் அந்த வேலியின் நடுவில், சரியாக அவர் அகலத்துக்கு, ஒரு சந்து விழுந்துவிட்டது. மேவிஸ் அதற்கு டெஸ்மண்ட் வாசல் என்று பேர் வைத்தாள்.

தேவாலயத்துக்குள்ளேயே ஒரு கழிவறை கட்டலாம் என்று அப்போதுதான் பேச்சு ஆரம்பித்தது. அறுநூறு வருஷக் கட்டடத்தில் ஆணி அடிக்கக்கூடப் பேராயர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். கல்லைப் பார்க்க ஒருவர் வந்தார். கண்ணாடியைப் பார்க்க ஒருவர். சட்டம் தொடக்கூடாது என்கிற வௌவால்களை எண்ண ஒரு பெண் மூன்று மாதம் வந்து தரையில் படுத்துக் கிடந்தாள். சாக்கடைக்குக் குழி தோண்டினால் ஒரு எலும்பு கிடைத்தது. யாருடைய எலும்பு என்று முடிவாக ஒன்றரை வருஷம் ஆனது. கடைசியில் அது ஆட்டினுடையது. இப்படியே போய் மொத்தம் பத்தொன்பது வருஷம். அந்தப் பத்தொன்பது வருஷமும், ஜூன் மாதக் கேக் சந்தையில் கழிவறை நிதிக்காக அதிகமாக விற்றது யாருடைய எலுமிச்சைக் கேக் என்று நினைக்கிறீர்கள்?

“உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கறியே மேவிஸ்” என்று நான் கத்தினேன்.

“மழையில நனைஞ்சுக்கிட்டு ஓடி வர்றாங்கப்பா, பாவம். அவங்களுக்கும் வயசாகுதுல்ல?” என்றாள். அவளுக்கு அப்போதே எழுபத்தைந்து.

நான் சபைக் குழுவில் எதிர்த்து வாக்களித்தேன். மேவிஸுக்காக என்று சொன்னால் பொய். கோபுரத்தின் அடியில் நாங்கள் கோட்டு மாட்டும் இடத்தைத்தான் அதற்கு எடுத்தார்கள். ஒன்பதுக்கு ஒன்று என்று தோற்றேன்.

போன மே மாதம் பேராயர் வந்து நாடா வெட்டினார். வெள்ளை ஓடு, ஓக் மரக் கதவு, ஆள் வந்தால் தானே எரியும் விளக்கு, வெந்நீர், கையை உலர்த்த ஒரு இயந்திரம். அந்த இயந்திரம் போடுகிற சத்தத்தில் பிரசங்கமே நின்றுபோகும். பேராயர் மேவிஸைக் கூப்பிட்டு, இத்தனை வருஷ உபசாரத்துக்கு நன்றி என்று பூங்கொத்துக் கொடுத்தார். புதுத் தொப்பி போட்டுக்கொண்டு வந்திருந்தாள். “ஓய்வு கொடுத்துட்டாங்கடா எனக்கு” என்று எல்லோரையும்விட உரக்கச் சிரித்தாள்.

அடுத்த ஞாயிறு அவள் கதவைத் திறந்துவைத்தாள். ஒருவரும் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. ஜூனில் ஒரு கல்யாணம் நடந்தது. மணி அடித்துவிட்டுப் படியிறங்கும்போது பார்த்தேன். மேவிஸ் வாசலில் நின்றிருந்தாள், கவுனைத் தூக்கிக் குத்த ஏப்ரனில் வரிசையாக ஊசிகள் செருகி. கல்யாணப் பெண் ஓக் கதவுக்குள் போய்விட்டு வந்தாள். மேவிஸ் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போனாள்.

அவளைப் போய்ப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது. ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சும்மா போய் ஒரு கதவைத் தட்டத் தெரியாது. கையில் ஏணியோ, வீடு மாறி வந்த கடிதமோ, தோட்டத்தில் மிஞ்சிய சுரைக்காயோ இருக்கவேண்டும். உன்னைப் பார்க்க வந்தேன் என்று சொல்வது உள்ளாடையோடு தெருவில் நிற்கிற மாதிரி எங்களுக்கு. நான் அவளிடம் கடன் வாங்காத ஏணியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

“இது உன்னோடதா மேவிஸ்?”

“இல்லியே. அதுல உன் பேரே எழுதியிருக்கு.”

அந்த எட்டுத் துண்டுகளையும் ஒரு அட்டைப்பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். பொம்மை பக்கத்தில் படுத்திருந்தது.

“வீட்டை வித்துடலாம்னு இருக்கேன் க்ளைவ். ஜானிஸ் ரொம்ப நாளா கூப்பிடறா, ஒரு ரூம் சும்மாதான் இருக்காம். ஆள் வந்து அளந்துட்டுப் போயிட்டான். வர்ற புதன்கிழமை கையெழுத்து.”

ஜானிஸ் அவள் மகள். கடற்கரைப் பக்கம் நூறு மைல் தள்ளி இருக்கிறாள்.

“வாங்கறவங்க இதை இடிச்சுட்டு வைக்கோல் கூரை போட்டுக் கட்டப்போறாங்களாம். பழைய உத்தரமெல்லாம் எங்கேர்ந்தோ வாங்கி வச்சிருக்காங்களாம். டெஸ்மண்டுக்குச் சந்தோஷமா இருக்கும்ல?” என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “இங்க இனிமே யாருக்கும் வர வேலை இல்லியே” என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “மழை வரும் போலிருக்கு” என்றேன். ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டேன்.

கோபத்தை யாரிடமாவது காட்டவேண்டுமே. நேரே டெஸ்மண்ட் வீட்டுக்குப் போனேன். “உங்க ஆசை நிறைவேறிடுச்சு. பிஸ்கட் டப்பா போகுது. வைக்கோல் கூரை வருது” என்றேன்.

அவர் முகம் மலரும் என்று பார்த்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “வைக்கோலா? புது வீட்டுக்கா? பழைய உத்தரமா? அது போலி க்ளைவ்!” என்றார். கண்ணாடியைச் சட்டையில் துடைத்தார். “அந்தக் கதவு? பேர் எழுதின கதவு என்ன ஆகும்?” என்றார்.

“குப்பைவண்டியில போகும்” என்றேன். அவர் என்னை ஏணியோடு வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஞாயிறு வந்தது. மணி அடித்து முடித்ததும் மற்றவர்கள் உள்ளே உட்காரப் போனார்கள். நான் ஓக் கதவைத் திறந்து பார்த்தேன். விளக்கு எரிந்தது. கதவைச் சாத்திவிட்டுக் கல்லறைகளுக்கு நடுவே நடந்து, டெஸ்மண்ட் வாசலில் நுழைந்து, மேவிஸ் வீட்டுக் கதவைத் தட்டினேன். ஐம்பது வருஷத்தில் ஞாயிற்றுக்கிழமை அது சாத்தியிருந்தது அன்றுதான்.

“என்னப்பா?”

“அங்க பூட்டு மாட்டிக்கிச்சு மேவிஸ். திறக்கவே வரல.”

“புதுப் பூட்டாச்சே!”

“புதுசுதான். என்ன பண்றது.”

அவள் கெட்டிலை வைத்தாள். நான் பச்சைக் கழிவறைக்குப் போய், செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் கதவிலிருந்த பேர்களைப் படித்துவிட்டு வந்தேன். டீயை வாயில் வைக்கிறேன், கதவு தட்டப்பட்டது. டெஸ்மண்ட். தலைமுடியெல்லாம் இலை.

“மன்னிக்கணும் மேவிஸ். அங்க விளக்கு எரிய மாட்டேங்குது. கும்மிருட்டு.” அப்போதுதான் என்னைப் பார்த்தார். “ஓ. க்ளைவ்.”

“பூட்டு மாட்டியிருக்குன்னு இவன் சொன்னானே. நீங்க எப்படி உள்ள போனீங்க?” என்றாள் மேவிஸ்.

“அது... இப்ப திறந்துக்கிச்சு” என்றார் டெஸ்மண்ட். கல்லூரியில் முப்பது வருஷம் பேசியவர், பாவம், பொய் சொல்ல வரவில்லை.

அவர் பச்சைக் கதவுக்குப் பின்னால் இருக்கும்போதே பல் டாக்டர் வந்தார், காகிதம் தீர்ந்துவிட்டது என்று. வக்கீல் வந்தார், ஏதோ வாடை அடிக்கிறது என்று. அவர் மனைவி வந்தாள், உள்ளே வௌவால் இருக்கிறது என்று. சமையலறையில் நிற்க இடமில்லை. யார் யாருக்குச் சொன்னார்கள் என்று எனக்கு இன்றைக்குவரை தெரியாது. கடைசியில் பின்வாசல் வழியாக, வெள்ளை அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்கள் பாதிரியம்மா ஃபிலிப்பாவே ஓடிவந்தார்.

“எட்டுச் சரணம் இருக்கற பாட்டாக் குடுத்துட்டு வந்திருக்கேன். சீக்கிரம். அங்க தண்ணி வரல மேவிஸ்” என்றார்.

மேவிஸ் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு அலமாரிக்கு அடியில் குனிந்து ரானின் கருவிப்பையை இழுத்தாள்.

“பூட்டு, விளக்கு, காகிதம், வாடை, வௌவால், தண்ணி. ஒரு மாசத்துல இவ்வளவு ரிப்பேரா? பேராயரை நல்லா ஏமாத்தியிருக்கானுங்க. இருங்க, நானே பாக்கறேன்.”

“வேண்டாம் மேவிஸ்!” என்று ஆறு குரல் ஒன்றாகக் கேட்டது. அவள் போய்விட்டாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வேலிச் சந்து வழியாக, கல்லறைகளுக்கு நடுவே விறுவிறுவென்று போவதை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“எல்லாருமா பொய் சொன்னீங்க?” என்றார் பாதிரியம்மா மெதுவாக.

“நீங்களுமா?” என்றேன் நான்.

“நான் குழாயைத் திறந்து பாக்கல. அதனால வரல. அது பொய்யில்ல” என்றார். காது சிவந்திருந்தது.

எதிரே ஐந்தாம் சரணம் பாடிக்கொண்டிருந்தார்கள். பாட்டையும் மீறித் தண்ணீர் கொட்டும் சத்தம் வந்தது. பிறகு கையை உலர்த்தும் இயந்திரம் உறுமியது. ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். ஒருமுறை நின்று, மறுபடி உறுமியது. டெஸ்மண்ட் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மானம் போனதுதான் மிச்சம், புதன்கிழமை கையெழுத்துப் போட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

மேவிஸ் திரும்பி வந்தாள். பையை மேஜைமேல் வைத்தாள். கண் இரண்டும் ஈரமாக இருந்தன, அதை அவள் துடைக்கவும் இல்லை. அட்டைப்பெட்டியைத் திறந்து துண்டுகளை எடுத்து, ஒவ்வொன்றாக உதறி, டெஸ்மண்ட் கையில் கொடுத்தாள்.

“கம்பியில மாட்டுங்க. மடிப்புக் கலையாம.”

அவர் மாட்டப் போனார்.

“நீங்க சொன்னதெல்லாம் சரிதான். பூட்டு, விளக்கு, தண்ணி, எல்லாமே போச்சு. அப்படி ஒரு மோசமான வேலை நான் பாத்ததே இல்ல” என்றாள் மேவிஸ்.

ரானின் பையை மறுபடி அலமாரிக்கு அடியில் தள்ளினாள்.

“இதைச் சரிபண்ண யார்கிட்ட கேக்கணும் ஃபிலிப்பா?”

பாதிரியம்மா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “பேராயர் ஆபீஸ்லதான் அனுமதி வாங்கணும்.”

“அதுக்கு எவ்வளவு நாள் ஆகும்?”

“போன தடவை பத்தொன்பது வருஷம் ஆச்சு.”

மேவிஸ் விரல்விட்டு எண்ணினாள். “அப்ப எனக்குத் தொண்ணூத்தாறு. சரி, அதுவரைக்கும் நான் இங்க இருந்துதானே ஆகணும்?” என்று சொல்லிவிட்டு, வீட்டை அளந்துபோன ஆளுக்குப் போன் பண்ணச் சுவரிலிருந்த எண்ணைத் தேடினாள். “க்ளைவ், சும்மா நிக்காதே. எல்லாருக்கும் டீ ஊத்து.”